பச்சை அட்டை கட்டிய கிட்டார்

மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, விரல் இடுக்குகளைக்கூட விடாமல் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக்கு நேரே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றான் சந்திரமோகன். யாராவது பார்த்தால் மின்விசிறியிடம் வரம் கேட்கிறான் என்று நினைப்பார்கள். பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, சுவரோரமாகப் பையில் படுத்திருக்கும் ஒரு பேஸ் கிட்டார். நாற்பத்து மூன்று வயதுக்காரனுக்கு இது போதும் என்று அவனே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். எல்லோரும் சரி என்று விட்டுவிட்டார்கள். அதுதான் அவனுக்கு ஆற்றாமை. ஒருத்தராவது, போதாதுடா என்று சண்டைக்கு வந்திருக்கலாம்.

கையை அப்படிக் காயவைக்கக் காரணம் இருந்தது. அவனுடைய வியர்வை இரும்பைத் தின்கிற வியர்வை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவனே முதலில் நம்பவில்லை. பேரிங்குக்கு வளையம் செய்கிற கம்பெனியில், பதினோரு வருடத்துக்கு முன்னால், கடைசிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்தான். வெளியூருக்கு அனுப்பிய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்த வளையங்களில் ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. மேசையிலிருந்த எட்டுப் பேரையும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, பெயர் எழுதி வைத்து, மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு வளையம் அப்படியே இருந்தது. எட்டாவதில் அவன் ரேகை, ஆதாரில் பதிந்ததைவிடத் தெளிவாக இருந்தது. அன்றைக்கே அவனை டிஸ்பாட்ச் அறைக்கு மாற்றிக் கையுறை கொடுத்தார்கள். கூடவே துருக்கை என்று ஒரு பெயரும் கொடுத்தார்கள். கையுறை மாதத்துக்கு ஒன்று மாறும், பெயர் மாறவில்லை. புதுவருடத்தன்று வாழ்த்த வருகிறவன்கூட, "வோணாம்பா, என் வாட்சு துருப்புடிச்சிக்கும்" என்று கையை இழுத்துக்கொள்வான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சந்திரமோகன் அவர்களை முந்திக்கொண்டு சிரிப்பான்.

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு இவன் கம்பி வாத்தியத்துக்கு ஏன் ஆசைப்பட்டான் என்று கேட்டால், ஆசை என்ன கையைப் பார்த்துக்கொண்டா வருகிறது. பொன்னேரி பக்கம் நெல் வயல்காரக் குடும்பம். அண்ணன் குப்புராஜ் வயலைப் பார்த்துக்கொள்ள, இவன் கீபோர்டுக்காரன் வெங்கடேசன் நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேஸ் வாசித்தான். மற்றவர்களுக்கு ஆறு மாதம் உழைக்கிற கம்பி இவனுக்கு மூன்று வாரத்தில் செத்துப்போகும். முதலில் கார்வை போகும், சுரம் நீண்டு நிற்காது. பிறகு கம்பியைத் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல ஒரு 'தொம்'. அவ்வளவுதான். ஒரு முறை மீஞ்சூர்க் கல்யாணத்தில் மூன்றாவது பாட்டிலேயே கம்பி படுத்துவிட்டது. வெங்கடேசன் மேடையிலேயே அவனுடைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, அடிச்சத்தத்தைத் தன் கீபோர்டின் இடதுகையில் வாசித்துக்கொண்டான். கச்சேரி முடிகிறவரை சந்திரமோகன் சத்தமில்லாத கிட்டாரில் விரலை அசைத்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கியதைவிட அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகுதான் கோட்டிங் போட்ட கம்பிக்கு மாறினான். கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். வியர்வை உள்ளே இறங்காது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவன் கைக்கும் எட்டு மாதம் தாங்கும். ஆனால் அதற்கென்று ஆசாரம் உண்டு. வாசிக்கும் முன் கை கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும். நகம் படக் கூடாது. வாசித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடி துடைக்கிற மெத்துத் துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, கம்பியைக் கிள்ளிப் பிடித்தாற்போல் தலையிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பிறகு துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்துக் கட்டைப் பக்கமும் துடைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. தின்னர் கூடாது, எண்ணெய் கூடாது. சாதாரணக் கம்பி மந்தமானால் வெந்நீரில் கொதிக்கவைத்து ஓரிரு நாளைக்கு உயிர் கொடுப்பார்கள், இதற்கு அதுவும் ஆகாது. சந்திரமோகன் இத்தனையையும் ஒரு நாள் தவறாமல் செய்தான். சோறு பொங்கச் சோம்பல்பட்டு டீயும் பன்னும் தின்று படுத்த நாளில்கூட, கம்பியைத் துடைக்காமல் படுத்ததில்லை.

கல்பனா அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டது தை மாதத்தில். அவள் கடைசிப் பரிசோதனையில், அவன் முன்பு உட்கார்ந்திருந்த அதே மேசையில் வேலை செய்தாள். முப்பத்தெட்டு வயது. கட்டினவன் ஆந்திரா பக்கம் இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய் ஐந்து வருடமாகிறது. பொன்னேரியில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு தினமும் மின்சார ரயிலில் வந்துபோனாள். பரிசோதனையில் தேறியதற்குப் பச்சை அட்டை கட்டிய பெட்டிகளை டிஸ்பாட்சில் ஒப்படைக்க வரும்போது இரண்டு வார்த்தை பேசுவாள். அந்த இரண்டு வார்த்தைக்காகச் சந்திரமோகன் காலையிலிருந்து காத்திருப்பான். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் காத்திருப்பான். ஒரு நாள் வேலை முடிந்து நேரே ஒத்திகைக்குப் போவதற்காகக் கிட்டாரைக் கொண்டுவந்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பையைப் பார்த்துவிட்டாள்.

"சார், இது இன்னா, வீணையா?"

"பேஸ் கிட்டாருங்க. ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறேன்."

"பாட்டு கேக்கும்போ இது எங்க வரும்?"

"அடியில வருங்க. தனியா கேக்காது. நிறுத்துனாத்தான் இன்னாமோ கொறையுதேன்னு தெரியும்."

"அப்ப நம்ப வேல மாதிரிதான். பெட்டி திரும்பி வந்தாத்தானே நம்ப பேரு வெளில தெரியுது" என்று சிரித்தாள். பிறகு அவன் பையைத் திறந்து காட்ட, குனிந்து வளையத்தைப் பார்க்கிற அதே கண்ணால் கம்பியைப் பார்த்தாள். "சார், நூலு நூலா இன்னாமோ உரிஞ்சிக்கினு கீதே?"

"மேல கோட்டிங் கீதுங்க. என் கை வேர்வைக்கு அதான் காபந்து. தேய ஆரம்பிச்சிக்கீது."

"கைய காட்டுங்க."

அவன் காட்டவில்லை. அவளே கையுறையை உருவிவிட்டு, அவன் உள்ளங்கையைப் பிடித்துப் அங்கிருந்த மேசை விளக்கின் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகைகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். கேலி செய்யவில்லை. தன் கையை மற்றொருவர் கடைசியாக எப்போது பிடித்தார் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதில் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதைப் பார்த்து அவள், "ஆமா, பாவம், ஊத்துதே" என்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. அவள் போய்விட்டாள். கோட்டிங்கைப் பற்றி அவன் சொல்ல நினைத்த மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

மாசியில் பொன்னேரி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி குறித்தார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை மதியம் குப்புராஜ் போன் செய்தான். அறுப்பு மெஷின் வந்துவிட்டது, ஆள் போதவில்லை, உடனே கிளம்பி வா. ஒத்திகைக்கென்று கொண்டுவந்த கிட்டார் டிஸ்பாட்ச் அறையில் இருந்தது. அறுப்பு வீட்டுத் தூசிக்கு நடுவில் அதைக் கொண்டுபோக மனமில்லை. அலமாரியில் வைத்துவிட்டு, கல்பனாவிடம், "ரெண்டு நாளு, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தபோது வீட்டுச் சாவியையே கொடுத்ததுபோல ஒரு பெருமை அவனுக்கு.

சனிக்கிழமை காலையில், நெல் சுணை இன்னும் கழுத்தில் அரித்துக்கொண்டிருக்க, அவளிடம் சாவியை வாங்கி அலமாரியைத் திறந்தான். கிட்டார் பையில் இல்லை. கழுத்திலிருந்து அடிவரை, வளையங்களுக்குச் சுற்றுகிற பழுப்பு நிறத் துருத்தடுப்புக் காகிதத்தால் மூலை மடித்துச் சுற்றப்பட்டிருந்தது. நடுவில் நூலால் ஒரு பச்சை அட்டை. பரிசோதித்தது என்ற இடத்தில் அவள் கையெழுத்து, பக்கத்தில் தேதி, கீழே ஓ.கே. முத்திரை.

பின்னாலேயே வந்து நின்றாள் கல்பனா. "பிரிச்சிப் பாருங்க, பிரிச்சிப் பாருங்க."

பிரித்தான். கம்பிகள் வெள்ளி மாதிரி மின்னின. தொட்டான், விரல் வழுக்கியது. கோட்டிங் பொட்டுக்கூட இல்லை. இடுக்குகளில் மட்டும் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. துருத்தடுப்பு எண்ணெய் கம்பியின் சுற்றுகளுக்குள் இறங்கி, கீழேயிருந்த கட்டைவரை ஊறியிருந்தது. பெரிய கம்பியைத் தட்டினான். தொம்.

"பாதி உரிஞ்ச கோட்டிங்க அப்டியே உடக் கூடாது சார், உள்ள துரு ஏறிக்கும்" என்றாள் அவள், மூச்சு விடாமல். "நம்ப ரீவொர்க்ல இன்னா செய்வோம்? முழுசா எமரித் தாளுல தேச்சி உரிச்சிட்டு, தின்னர்ல தொடைச்சி, ஆயில் உட்டு, பேப்பர் சுத்துவோம். அதேதான் செஞ்சேன். பொடி எமரிதான், பயப்படாதீங்க. ரெண்டு நாளு லன்ச்சுக்கே போவல. எப்டி கீது?"

ஐந்து மாதமாக அவன் பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்தது. புதுக் கம்பி வரவழைத்தால் நான்கு நாளாகும், கச்சேரி நாளைக்கு. யாரைக் கேட்டுக்கொண்டு தொட்டாய் என்று கேட்க நாக்கு துடித்தது. நிமிர்ந்து பார்த்தான். அவள் விரல் நுனிகளெல்லாம் எமரி தேய்ந்து சிவந்திருந்தன. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா கீதுங்க" என்றான்.

"நெஜமா?"

"நெஜமாத்தாங்க."

"நாளைக்கு எங்க ஊர்லதானே கச்சேரி? நான் வரேன்" என்றாள். "இத்தினி வருஷமா வளையம் பாக்கறேன், எது எந்த வண்டில ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. இது ஒண்ணாவது ஓடறத பாக்கறேனே."

அன்று சாயங்காலம் சந்திரமோகன் குளிக்காமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வாசிப்பைக் கேட்க என்று ஒரு ஆள் வருவது இதுதான் முதல் தடவை. அந்த ஆள் முன்னால் சத்தமில்லாத கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட ஏதாவது காய்ச்சல் வந்து படுத்துவிடலாம் என்று தோன்றியது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. தோல்தான் போய்விட்டதே, இனி என்ன ஆசாரம்? நான்கு கம்பிகளையும் கழற்றிச் சுருட்டி, சோறு வடிக்கிற குண்டானில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கரைசலை ஊற்றி அடுப்பில் ஏற்றினான். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் மிதந்தது. மிச்சமிருந்த கோட்டிங், பாலாடை மாதிரி துண்டு துண்டாக மேலே வந்தது. கரண்டியால் வழித்து வழித்துக் கொட்டினான். தண்ணீரை மாற்றி மறுபடியும் கொதிக்கவிட்டான். துண்டால் உருவிக் காயவைத்து, கட்டையிலிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்துத் தட்டினான்.

அறையே அதிர்ந்தது. கோட்டிங் இருந்தபோது ஒரு நாளும் வராத சத்தம். போர்வைக்குள்ளிருந்து பேசினவன் எழுந்து வந்து பேசியதுபோல இருந்தது. சிரித்துவிட்டான். இது எத்தனை நேரத்துக்கு என்றும் அவனுக்குத் தெரியும். எமரியில் தேய்ந்த வெறுங்கம்பி, மேலே அவன் கை. ஒரு மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். மேற்கொண்டு தொட்டுப் பார்க்க ஆசையிருந்தும், நாளைக்கு வேண்டுமே என்று துணியைப் போட்டு மூடிவிட்டு விலகி உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே கல்பனா வந்துவிட்டாள். கத்தரிப்பூ நிறப் புடவை, தலையில் முல்லை. கம்பெனியின் நீலக் கோட்டு இல்லாமல் அவளைப் பார்த்தது அவனுக்கு இதுதான் முதல் முறை. மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "குடிங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் வெங்கடேசன் ஒயர் மாட்டக் குனிந்தான்.

"யோவ், இன்னாய்யா இது? கோட்டிங் எல்லாம் வயிச்சி எட்த்து வெச்சிக்கீது! எமரியா? எந்தக் கேனப்பய செஞ்ச வேல இது?"

கல்பனாவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது.

"நான்தாம்பா" என்றான் சந்திரமோகன். "அவசரத்துல, தெரியாம."

"உனுக்கா தெரியாது? கம்பியத் தொட்டாலே சண்டைக்கு வருவியே! இதோ பாரு, நடுவுல தொம்முன்னு போச்சினா ஒயர புடுங்கிடுவேன். பேஜாரு பண்ணாத, ஊரு திருவிழா." வெங்கடேசன் மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் கல்பனா.

"இல்லீங்க, அவன் ஒரு மாதிரி, சும்மா..."

"பொய் சொல்லாதீங்க சார். ரிஜெக்ட்ட ஓகேன்னு சொல்றவங்கள எனக்குப் புடிக்காது."

அதற்குமேல் அவனால் மழுப்ப முடியவில்லை. "அந்தக் கோட்டிங்க உரிக்கவே கூடாதுங்க. அது இல்லன்னா என் கை ஒரே நாள்ல தின்னுடும்."

அவள் முகம் சுண்டிப்போனது. சிவந்திருந்த விரல்களைப் புடவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நேத்தே சொல்லிருக்கலாம்ல. அட்ட வேற கட்டிவெச்சேன். எத்தினி பேரு என்னெ நெனச்சி சிரிப்பாங்க."

"யார்கிட்டயும் சொல்லலீங்க. உங்க கிட்டயும் சொல்ல முடில."

"ஏன்?"

"என் சாமான இதுவரைக்கும் யாரும் எடுத்து தொடைச்சதில்லீங்க" என்றான். "கெட்டாலும் பரவால்லன்னு தோணிச்சி."

வெங்கடேசன் மேலேயிருந்து கத்தினான். சந்திரமோகன் படியேறித் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

சாமி பாட்டில் தொடங்கினார்கள். கம்பி முழங்கியது. முதல் பாட்டிலேயே டிரம்ஸ் தாவீது திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். இன்னொரு நாளாக இருந்தால் அதையே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு அவன் கண் நாற்காலிகளையே துழாவியது. முதல் வரிசையில் கோயில் தர்மகர்த்தா, ஊர்ப் பெரியவர்கள். பின்னால் ஐஸ் தின்னும் பிள்ளைகள், புடவை புடவையாகப் பெண்கள். கத்தரிப்பூ நிறம் எங்கேயும் இல்லை. போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள், ஊர் நடுவில் கேனப்பய என்று கேட்டுக்கொண்டு நிற்பாளா? நேற்றே சொல்லியிருந்தால் இரண்டு திட்டு, ஒரு வருத்தம், அத்தோடு முடிந்திருக்கும். நாளை காலை பெட்டியை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு வார்த்தையும் போச்சு. விரல்கள் தம்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன.

ஆறாவது பாட்டில் உள்ளங்கை நனைந்தது. எட்டாவது பாட்டில் அவன் பயந்தது வந்தது. பெரிய கம்பியில் கார்வை சுருங்கியது, விரல் எடுத்ததும் சத்தம் அறுந்தது. இன்னும் தொம் இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வெங்கடேசன் காதைச் சாய்த்துக் கேட்டான். அவனுடைய இடதுகை கீபோர்டின் அடிச்சத்த ஓரத்துக்கு நகர்ந்தது. அவனுடைய பார்வை தரையில் ஒயர் எங்கே போகிறதென்று தேடியது. சந்திரமோகன் ஒயரின் மேல் காலை வைத்துக்கொண்டான். தலையைத் திருப்பிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, மேடையின் இடது ஓரத்துக்குத் திரும்பினான்.

ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அருகில், ஒருவரும் நிற்கத் துணியாத அந்த இரைச்சலில், கல்பனா நின்றுகொண்டிருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். சிவந்த விரல்களை விரித்து, அடிச்சத்தம் அதிர்கிற கீழ்ப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையைப் பதித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். பாட்டுக்காரன் உச்சத்துக்குப் போனபோது அவள் கை அசையவில்லை. தாவீது டிரம்ஸை உருட்டியபோதும் அசையவில்லை. சந்திரமோகன் பெரிய கம்பியில் ஒரு சுரத்தை அழுத்தியபோது மட்டும் அவள் விரல்கள் ஒரு முறை அழுந்தித் தளர்ந்தன.

பாட்டு அடுத்த வரிக்குப் போயிற்று. வெங்கடேசன் திரும்பி முறைத்தான். சந்திரமோகன் அந்தச் சுரத்தைவிட்டுப் போகவில்லை. சத்தம் அறுகிறபோதெல்லாம் மறுபடி தட்டினான். வியர்வை விரல் வழியாக வழிந்து கம்பியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.